கியர் பாக்ஸுக்குக் காய்ச்சல்

மாமியார் வீட்டு மரியாதை வேண்டும். மாமியார் வீட்டு மூட்டை வேண்டாம்.

திண்டுக்கல் பெருமாள்சாமி தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் எடுத்த முடிவு இது. எடுத்த இடம் எரியோடு ரோட்டில் ஒரு வேகத்தடை. அதில் அவருடைய பிக்கப் வண்டி ஏறி இறங்கியபோது, பின்னால் அடுக்கியிருந்த முருங்கைக்காய்க் கட்டு ஒன்று கேபின் ஜன்னல் வழியாக நீண்டு வந்து அவர் பிடரியில் குத்தியது. மற்றவர்களுக்கு மரத்தடியில் வருகிற ஞானம் அவருக்குக் காய் முனையில் வந்தது.

வாரத்தில் ஆறு நாள் அந்த வண்டி அவருக்கு உழைத்தது. ஏழாவது நாள் அவர் மனைவி சிவனம்மாளின் பிறந்த வீட்டுக்கு உழைத்தது. ஞாயிறு காலையில் இரண்டு பேராக எரியோட்டுக்குப் போவார்கள். சாயங்காலம் ஒரு கிராமமாகத் திரும்புவார்கள். சின்ன வெங்காயம் ஆறு மூட்டை, முருங்கைக்காய், விற்பனைக்கு ஓர் ஆட்டுக்குட்டி, பழுதான தண்ணீர் மோட்டார், அதை ரிப்பேருக்குக் கொண்டுவரும் சிவனம்மாளின் சித்தப்பா, சித்தப்பாவுக்குத் துணையாக இன்னொரு சித்தப்பா. ஒருமுறை பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் இரண்டும் தூக்கிக்கொண்டு, பாதித் தூரம் வண்டி பின்சக்கரத்திலேயே நடந்து வந்தது என்று பெருமாள்சாமி டீக்கடையில் சொல்வார். முழுத் தூரமும் என்று சொல்லாமல் விட்டது அவருடைய நேர்மை.

வாடகை பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். "நம்ம மாப்ள வண்டிதானே" என்பார்கள். அதோடு சரி.

ஆனால் அதே வீட்டில் வருடம் ஒருமுறை கருப்பசாமிக்குக் கிடா வெட்டு நடக்கும். எந்த மாப்பிள்ளையின் வண்டியில் கிடாவும் அண்டாவும் வந்து இறங்குகிறதோ, அந்த மாப்பிள்ளை தோளில் கோவில் துண்டு விழும். பந்தியில் முதல் இலை அவருக்கு. அந்த இலையில், கிடா ஒன்றுக்கு ஒன்றே ஒன்றாகக் கிடைக்கிற மண்ணீரலை, அதாவது சுவரொட்டியை, மாமியார் தன் கையால் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அது பெருமாள்சாமியின் இலையைத் தவிர வேறு இலையைப் பார்த்ததில்லை. அதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை.

மூட்டைக்கு முடியாது என்று மனைவியிடம் நேராகச் சொல்லலாமே என்று கேட்கிறவர்கள் சிவனம்மாளைப் பார்க்காதவர்கள். ஆகவே முடியாது என்பதை வண்டியே சொல்லட்டும் என்று அவர் தீர்மானித்தார்.

வழி காட்டியவர் பேகம்பூர்ப் பக்கம் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் அஸ்பாக். போன கோடையில் சிறுமலைக்கு லோடு ஏற்றியபோது என்ஜின் சூடேறிப் பெரிய செலவு வைத்துவிட்டது. அதனால் தனியாக மீட்டர் மாட்ட வேண்டும் என்று உண்மையான காரியமாகத்தான் பெருமாள்சாமி அங்கே போனார். நல்ல எண்ணத்தோடு போன மனுசன். அதையும் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டு மீட்டருண்ணே," என்றார் அஸ்பாக். "இது என்ஜின் சூடு. இது கியர் பாக்ஸ் ஆயில் சூடு. கம்பெனி மீட்டரு ஆளு செத்த பெறகுதான் சொல்லும். இது இருமும்போதே சொல்லிரும்."

வண்டிக்கு அடியில் படுத்து, அடிப் போல்ட்டைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிட்டு, அந்த இடத்தில் சென்சார் வைத்த போல்ட்டை முறுக்கிப் புது ஆயில் ஊற்றினார். அதிலிருந்து ஒரு வயரைப் புகைக்குழாயில் படாமல் ஓரமாகக் கட்டி, தரை ஓட்டை வழியாக மேலே இழுத்து, டேஷ்போர்டில் மீட்டரோடு சேர்த்தார்.

"இந்த ஒத்தை வயரு மட்டும் பத்திரம்ணே. தோல் உரிஞ்சு பாடியில பட்டுச்சுன்னா, சூடே இல்லாட்டியும் முள்ளு சடார்னு செவப்புக்குப் போயிரும்."

"பட்டா ஏறுமா?"

"ஆமா."

"விட்டா?"

"எறங்கிரும்."

பெருமாள்சாமியின் முகத்தில் சிறுமலையில் விடிகிற மாதிரி ஒரு வெளிச்சம் பரவியது.

"பாய், அதை வேணுங்கிறப்ப பட வைக்க முடியுமா?"

"அண்ணே, படக்கூடாதுன்னு மூணு எடத்துல டேப் சுத்திருக்கேன்!"

"ஒரு பட்டன் வச்சு... அமுக்குனா படணும், விட்டா விடணும்."

"எதுக்குண்ணே?"

"குடும்ப நன்மைக்கு."

அஸ்பாக் கல்யாணமானவர். அதற்குமேல் கேட்கவில்லை. வீட்டு வாசலில் வைக்கிற அழைப்பு மணிப் பட்டன் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை ஹேண்ட் பிரேக் ஓரமாக, டிரைவர் சீட்டு விளிம்புக்குக் கீழே ஒளித்து வைத்தார்.

"மீட்டரை உங்க பக்கம் திருப்பி வைக்கவாண்ணே?"

"வேணாம், அந்தப் பக்கம் திருப்பு. பாக்க வேண்டியவுக அங்கதான் உக்காருவாக."

அடுத்த ஞாயிறு சிவனம்மாள் வண்டியில் ஏறினாள். ஏறியதுமே பார்த்தாள்.

"இது என்னங்க, ரெண்டு கடிகாரம்?"

"கடிகாரம் இல்ல. ஒண்ணு என்ஜினுக்குத் தெர்மாமீட்டர், இன்னொண்ணு கியர் பாக்ஸுக்கு."

"கியர் பாக்ஸுக்கா? போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, தெர்மாமீட்டர் இல்லாம பக்கத்து வீட்ல போயில்ல வாங்கிட்டு வந்தேன்?"

பெருமாள்சாமி கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வழக்கம்போல மூட்டைகள் ஏறின. சித்தப்பாக்கள் ஏறினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் பெருமாள்சாமியின் இடது கை சீட்டுக்குக் கீழே இறங்கியது. கியர் பாக்ஸ் முள் துள்ளிக்கொண்டு போய்ச் சிவப்பில் நின்றது.

"ஏங்க, செவப்புல நிக்குதுங்க!"

"போச்சு!" என்று பெருமாள்சாமி வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீரிங்கில் தலையை வைத்தார். "பாரம் தாங்கல, சிவனம்மா. வாயில்லாத சீவன். எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்?"

நடிப்பு அப்படி இருந்தது. ஒரு சித்தப்பா இறங்கி வந்து பானெட்டைத் தடவிக் கொடுத்தார். மூட்டைகள் ரோட்டோரம் இறங்கின. மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பாக்கள் டவுன் பஸ் ஏறினார்கள்.

சிவனம்மாள் செருப்பைக் கழற்றினாள். இரண்டு சீட்டுக்கும் நடுவே, கியர் பாக்ஸுக்கு மேலே தரை மேடாக இருக்கும் இடத்தில் வலது பாதத்தைச் செத்த நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று பெருமாள்சாமி நினைத்தார்.

"பாவம் வண்டி," என்றாள். "இனிமே ஞாயித்துக்கிழமை அதுக்கு ரெஸ்டு குடுங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்."

இவ்வளவு சுலபமா! பெருமாள்சாமிக்குத் தன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

முதல் ஞாயிறு வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினார். எழுந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. ஃப்ரிட்ஜில் ரசம் இருந்தது. அடுத்த ஞாயிறு தூக்கம் சீக்கிரமே கலைந்தது. ரசம் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு வண்டியைக் கழுவினார். கழுவிய வண்டியில் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார். இடது சீட்டு காலியாக இருந்தது. அந்தச் சீட்டிலிருந்து, லாரி வருது, மாடு வருது, அந்தாளு கை காட்டாம திரும்புறான் பாருங்க என்று ஓயாமல் ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும். எத்தனையோ தடவை, செத்த சும்மா வாயேன் என்று கேட்டிருக்கிறார். இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்ததை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

முருங்கைக்காய்கூடக் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. வாங்கிய காய் ரப்பர் மாதிரி இருந்தது. பிடரியில் குத்தினாலும் தேவலை, எரியோட்டுக் காய் எரியோட்டுக் காய்தான்.

ரசத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் சிவனம்மாள் வாசிக்கிற செய்தியறிக்கையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"நீ வச்ச ரசந்தான்."

"அப்படியா? அங்க இன்னிக்கி நாட்டுக்கோழி. இசைவாணி வீட்டுக்காரரு வந்திருந்தாரு. அவருக்கு ஈரலைத் தனியா வறுத்து வச்சாங்க அம்மா."

இசைவாணி சிவனம்மாளின் தங்கை. அவள் கணவன் ஆனந்த்ராஜ் பெருமாள்சாமிக்குச் சகலை. சமீபத்தில்தான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கியிருந்தான்.

"எங்க உக்காந்தான்?"

"ஃபேனுக்குக் கீழ, உங்க இரும்புச் சேருலதான்."

"அது காலு ஆடுமே!"

"ஆடாது. அவரு வெல்டு வச்சுக் குடுத்துட்டாரு."

இருபத்தெட்டு வருடம் ஆடிய கால். அதில் எப்படி உட்கார்ந்தால் ஆடாது என்று தெரிந்த ஒரே மனிதர் பெருமாள்சாமி. அந்த வித்தை ஒரு வெல்டிங் பொட்டில் முடிந்துபோனது.

அடுத்த வாரச் செய்தியில் இடியே விழுந்தது.

"கிடா வெட்டுக்கு நாள் குறிச்சாச்சு. கிடா, அண்டா எல்லாம் ஆனந்த்ராஜ் வண்டியிலயாம்."

"அப்ப துண்டு?"

"வண்டி யாருதோ துண்டு அவருக்குத்தான?"

"சுவரொட்டி?"

"ஏங்க, கோவில் விசயத்துல போயி சாப்பாட்டைப் பத்திப் பேசிக்கிட்டு."

பெருமாள்சாமி தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"உன்கிட்டச் சொல்ல மறந்துட்டேன். நம்ம வண்டி சரியாயிருச்சு."

"எப்ப?"

"இப்பதான்... வந்து, செவ்வாக்கெழமை."

"யாரு சரி பண்ணுனது?"

"தானா சரியாயிருச்சு."

"தானா விடுறதுக்கு அது என்ன சளிக்காய்ச்சலா? நடுரோட்டுல சாமி கிடாவோட நின்னுச்சுன்னா எங்க வீட்டு மானம் என்னாகுறது? நீங்களே வந்து அவுகளுக்கு ஓட்டிக் காட்டுங்க."

"காட்டுறேன்! இந்த ஞாயித்துக்கிழமையே காட்டுறேன்!" என்றார். அவருக்கு என்ன பயம்? பட்டன் அவர் சீட்டுக்குக் கீழே. அமுக்கினால்தானே ஏறும்.

ஞாயிறு காலை எரியோட்டில் மாமியார் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் முறத்தோடு வந்தார்கள். மச்சினன் அன்புமணி, நேர்ந்துவிட்ட கிடாவையே சோதனை லோடாக ஏற்றினான். இரண்டு அண்டா ஏறியது. சித்தப்பாக்கள், ஒருவருக்கு ஒருவர் துணையாக, ஏறினார்கள். சிவனம்மாள் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஊரை மூன்று சுற்றுச் சுற்றினார் பெருமாள்சாமி. முள் மடியில் உறங்குகிற குழந்தை மாதிரிக் கிடந்தது. வாசலில் வந்து நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே கதவைத் திறந்து வைத்தார்.

"நல்லாப் பாத்துக்க, சகல," என்றார் ஆனந்த்ராஜிடம். "உன் வண்டி தோசைக்கரண்டி மாதிரி. தோசையைத் திருப்பலாம். மலையைத் தூக்க முடியாது."

எல்லாத் தலைகளும் கேபினுக்குள் நுழைந்தன. அந்த நேரம் பார்த்து கியர் பாக்ஸ் முள் துள்ளி எழுந்து சிவப்பில் போய் நின்றது.

"மச்சான், ஏறிருச்சு!" என்று கத்தினான் அன்புமணி.

பெருமாள்சாமி தன் கைகளைப் பார்த்தார். அவர் அமுக்கவில்லையே! இரண்டு கையும் ஸ்டீரிங்மேல்தானே இருக்கின்றன! நிஜமாகவே கியர் பாக்ஸ் வெந்துவிட்டதா? வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? பதறிப்போய்க் குனிந்தவர் கண்ணில், சிவனம்மாளின் முந்தானை ஹேண்ட் பிரேக் ஓரமாகச் சரிந்து கிடப்பது பட்டது. முந்தானைக்குள் ஒரு கை. அந்தக் கை எங்கே போய் முடிகிறது என்பது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சிவனம்மாள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடு," என்றார் உதடு அசையாமல்.

"எந்தக் கையை?"

"ஊரே பாக்குது."

"பாக்கத்தான இந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கீங்க?"

"என்ன வேணும் உனக்கு?"

"ஞாயித்துக்கெழமை வருவீங்களா?"

"வாரேன்."

முள் கொஞ்சம் இறங்கியது. கூட்டம் மூச்சு விட்டது.

"எல்லா ஞாயித்துக்கெழமையுமா?"

பெருமாள்சாமி தயங்கினார். முள் ஏறியது. கூட்டம் மூச்சைப் பிடித்தது.

"எல்லா ஞாயித்துக்கெழமையும்!"

இறங்கியது.

"மூட்டை?"

"நாலு."

ஏறியது.

"எம்புட்டு வேணா! ஊரையே ஏத்து!"

"என்ன மாப்ள," என்றார் மாமியார், முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அது பாட்டுக்கு ஏறுது, எறங்குது. சாமி வந்தவுக மாதிரில்ல ஆடுது? ஏலே அன்பு, கருப்பன் விபூதியை எடுத்துட்டு வா!"

விபூதி வந்தது. மாமியார் கண்ணை மூடி முணுமுணுத்து, மீட்டர் கண்ணாடிமேல் மூன்று விரலால் இழுத்துப் பூசினார். கொஞ்சத்தைப் பெருமாள்சாமி நெற்றியிலும் பூசினார். முந்தானை அசைந்தது. முள் இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். கூட்டத்தில் ஒரு குலவை எழுந்தது. கிடாகூடக் கத்தியது. தனக்கு இதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

"கருப்பன் கை வச்ச வண்டி!" என்று மாமியார் ஊருக்குக் கேட்கச் சொன்னார். "இனி எந்தப் பாரத்துக்கும் இது அசையாது. சாமி கிடா எங்க பெரிய மாப்ள வண்டியிலதான் வரும்!"

பெருமாள்சாமிக்குக் கண் கலங்கியது. துண்டு திரும்பக் கிடைத்ததற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். எந்தப் பாரத்துக்கும் அசையாது என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் கலங்கியது. அந்த வார்த்தை முடிவதற்குள் தெருவே மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. அதுவரை சொந்தம் என்று சொல்லிக்கொள்ளாத வீடுகளிலிருந்தெல்லாம் வெங்காயம் வந்தது.

திரும்பி வருகையில் வண்டி வைக்கோற்போர் உயரத்துக்கு மூட்டை சுமந்து ஊர்ந்தது. வடமதுரை ரோட்டில் ஏறியதும் பெருமாள்சாமி கியரைக் குறைத்தார்.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"அன்னைக்கே."

"எப்படி?"

"இத்தனை வருசமா இந்தச் சீட்டுலதான உக்காந்து வாரேன்? கியர் பாக்ஸ் சூடானா மொதல்ல சுடுறது என் காலுதான். அன்னைக்கு முள்ளு செவப்புல நிக்குது, மேடு ஜில்லுன்னு கெடக்குது. மறுநாளு வெங்காயச் சருகைப் பெருக்குறப்ப பட்டன் கையில தட்டுச்சு. சாவியைப் போட்டு அமுக்கிப் பாத்தேன், மணி அடிக்கல, முள்ளுதான் துள்ளுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்கம்மா வீட்டுக்கு வரக்கூடாதுன்னு இம்புட்டு வேலை பாத்திருக்காரே மனுசன், எத்தனை வாரம் தாங்குவாருன்னு பாத்தேன். ஒரு ஞாயித்துக்கெழமைகூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விடத் தோணலை உங்களுக்கு."

பெருமாள்சாமி காலி ரோட்டில் ஹாரன் அடித்தார். கழுவிய வண்டியில் தனியாக உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லலாமா என்று நினைத்தார். சொன்னால் நம்பமாட்டாள். ஊரெல்லாம் அவர் அளந்த கதைகளுக்கு நடுவே, நிஜமான ஒன்று இப்படி வீணாய்ப் போனது.

"லாரி வருது," என்றாள் சிவனம்மாள்.

"சரி," என்றார். அந்தக் குரல் கேட்டதே போதும் என்றிருந்தது. "நாளைக்கே அந்தப் பட்டனைக் கழட்டிப் போட்டுறேன்."

"கழட்ட வேணாம். நல்ல பட்டன். என் சீட்டுக்குக் கீழ மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

கிடா வெட்டு அன்று எல்லாம் முறைப்படி நடந்தது. பெருமாள்சாமி தோளில் துண்டு விழுந்தது. முதல் இலை விழுந்தது. மாமியார் தன் கையால் சுவரொட்டியை வைத்தார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். போன வருடத்தைவிடச் சின்னதாகத் தெரிந்தது.

பக்கத்து இலையில் ஆனந்த்ராஜ். துண்டு போன வருத்தம் அவன் முகத்தில் இல்லை. வேறு ஏதோ கவலை. சோற்றைப் பிசைந்தபடியே சாய்ந்து, காதோரம் பேசினான்.

"அண்ணே, ஒரு விசயம். போன வாரம் இசைவாணி சொன்னாளேன்னு என் வண்டியிலயும் மீட்டர் மாட்டுனோம். உங்க அஸ்பாக் பாய்தான் போட்டாரு. ஊரெல்லாம் ஒழுங்கா ஓடுது. சின்னாளப்பட்டிக்குள்ள நுழைஞ்சா மட்டும் முள்ளு செவப்புக்குப் போயிருதுண்ணே. என்ன கோளாறுன்னே தெரியல. உங்களுக்கு எதாச்சும் தெரியுமா?"

பெருமாள்சாமி நிமிர்ந்தார். எதிரே சிவனம்மாள் குழம்பு வாளியோடு நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் இசைவாணி. இரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கட்டியிருந்தது புத்தம்புதுச் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை.

சுவரொட்டியை இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியைச் சகலை இலையில் வைத்தார்.

"கியர் பாக்ஸ்னா அப்படித்தான், சகல," என்றார். "சேலைக்கடை வாசல்ல நல்ல நெழல் இருக்கு. அங்கனயே ஓரம் கட்டிரு."